வீடு மாறினால் ஓட்டு எங்கே?

அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வாரத்தில் வாக்காளர் பட்டியல் யாருக்கு நினைவிருக்கும்? அதில் முகவரியை மாற்றும் வேலையை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

இந்தியாவில் அது வாக்காளர் பொறுப்பு. படிவம் 8-ஐ இணையத்திலோ, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ தர வேண்டும். 2022 முதல் தொகுதிக்குள் மாறினாலும் தொகுதி விட்டு மாறினாலும் இந்த ஒரே படிவம்தான், நல்ல மாற்றம். ஆனால் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. தாமதமாக விழித்துக்கொண்டவர் பழைய ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். வெறும் இடமாற்றத்துக்குத் தபால் வாக்கு கிடையாது.

ஜெர்மனியில் குடிபுகுந்த 2 வாரத்துக்குள் முகவரியை நகராட்சியில் பதிவது எப்படியும் கட்டாயம். நாடாளுமன்றத் தேர்தலுக்கு 42 நாள் முன்பு அந்தப் பதிவேட்டில் இருப்பதே வாக்காளர் பட்டியலுக்குப் போகிறது. தனி விண்ணப்பம் இல்லை. அறிவிப்புக் கடிதம் வீடு தேடி வருகிறது. அதற்குப் பின் மாறியவரும் பழைய ஊர்ப் பட்டியலில் இருந்தபடியே தபாலில் வாக்களிக்கலாம்.

என் ஓட்டு ஜெர்மன் முறைக்கே. அதிலும் ஓட்டை உண்டு: முகவரியைப் பதிய வீடு தந்தவரின் உறுதிச்சான்று வேண்டும். கணக்கில் காட்டாத உள்வாடகைக்காரருக்கு அதை யார் எழுதித் தருவார்? வீடற்றவர்கள் அங்கே தாமாகவே விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவிலும் விண்ணப்பம் உண்டு, ஆனால் முகவரிச் சான்று கேட்பதில்லை. அலுவலர் இரவில் போய், சொன்ன இடத்தில்தான் உறங்குகிறாரா என்று பார்க்கிறார்.