தரமணி ஆராய்ச்சிப் பூங்காவில் ஒரு சிறிய நிறுவனத்தின் அனுபவம்

சென்னை ஐஐடியின் ஆராய்ச்சிப் பூங்காவில் எங்கள் நிறுவனம் பல வருடங்களாக இயங்குகிறது. பேட்டரி சார்ஜர்களுக்கான சர்க்யூட் போர்டு வடிவமைக்கிறோம். அங்கே இடம் எடுக்கலாமா என்று பலர் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு ஐடி பார்க் மாதிரிதான் தெரியும். சுமார் 12 லட்சம் சதுர அடி, உயரமான கட்டடங்கள். வித்தியாசம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வாடகை கட்டினால் மட்டும் போதாது, ஐஐடியோடு சேர்ந்து வேலை செய்து அதற்கான புள்ளிகளையும், அதாவது கிரெடிட்டும், சேர்க்க வேண்டும். பேராசிரியரை ஆலோசகராக வைத்துக்கொள்வது, மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் தருவது, நம் பொறியாளர் அங்கேயே எம்.எஸ். அல்லது பிஎச்.டி. சேர்வது எல்லாம் கணக்கில் வரும். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று உருவாக்கிய இந்தப் பூங்கா 2010இல் செயல்படத் தொடங்கியது. இந்தியாவில் பல்கலைக்கழகம் சார்ந்து அமைந்த முதல் ஆராய்ச்சிப் பூங்கா இது.

கிரெடிட் விதியைச் சுமையாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இந்த இடத்தின் உயிர். ஒருமுறை எங்கள் போர்டு, முழு லோடில் ஓடும்போது அளவுக்கு மீறிச் சூடானது. சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கை மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. ஆலோசகராக இருந்த பேராசிரியர் வந்து அலைவடிவத்தைப் பார்த்துவிட்டு, சூட்டை விடுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிய விதத்தைப் பாருங்கள் என்றார். எங்களிடம் இருந்த இன்டர்ன் மாணவி அதையே தன் ப்ராஜெக்டாக எடுத்துச் சரிசெய்தார். அப்புறம் எங்களிடமே வேலைக்கும் சேர்ந்தார். ஆலோசனைக் கட்டணம் வேறு இடத்திலும் கொடுக்கலாம். கூப்பிட்ட அன்று மாலையே நடந்து வந்து பார்க்கிற ஆள் கிடைப்பது கஷ்டம்.

மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் எனர்ஜி, தொடக்க காலத்தில் இங்கே ஆதரவு பெற்று வளர்ந்த, அதாவது இன்குபேட் ஆன நிறுவனம். ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த எஞ்சினோடு 2024 மே மாதம் ராக்கெட் பறக்கவிட்ட அக்னிகுல் என்ற தனியார் நிறுவனமும் அப்படித்தான்.

ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். மாணவர்களின் வேலை செமஸ்டரை ஒட்டித்தான் நகரும். வாடிக்கையாளருக்குக் கொடுத்த தேதியை அதன்மேல் கட்டாதீர்கள். அவசர வேலை சொந்த ஆட்களிடமே இருக்கட்டும். போக்குவரத்துக்குப் பறக்கும் ரயில்தான் நல்லது, ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) நெரிசல் உங்களுக்கே தெரியும்.

மென்பொருள் சேவை மட்டும் செய்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பொருள் செய்பவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உங்கள் துறைப் பேராசிரியர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். அவர்களில் ஒருவருக்காவது உங்கள் பிரச்சினையில் ஆர்வம் வந்தால் தாராளமாக வாருங்கள்.