ஆவாரையா, விராலியா, நொச்சியா?

காம்பவுண்டு சுவரோரம் மூன்றடி அகலத்துக்குச் செம்மண் சும்மா கிடக்கிறது, கோடையில் போர் தண்ணீரைச் செடிக்கு விட மனசும் இல்லை. அங்கே எதை வைக்கலாம் என்று கேட்டால் ஆவாரை, விராலி, நொச்சி என்றுதான் பதில் வரும். வேர் பிடித்துவிட்டால் மூன்றுமே வெயிலைத் தாங்கும். அதனால் தண்ணீர்க் கணக்கு பார்த்துப் பயனில்லை. செடி வெட்டும் கத்தரியை எத்தனை முறை எடுப்பீர்கள் என்று யோசியுங்கள்.

அடிக்கடி எடுக்காதவருக்கு ஆவாரை. கிளை நுனியில் பூப்பதால் மாதாமாதம் மட்டமாக வெட்டினால் மஞ்சள் பூவையே பார்க்க முடியாது. நான்கைந்து அடி உயரத்துக்குத் தன் போக்கில் விட வேண்டும். ஆணிவேர்ச் செடி, பெயர்த்து நட்டால் முரண்டு பிடிக்கும். விதைத்தோல் கெட்டி. சுடுநீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து, புரட்டாசிக் கடைசியில் நேரே மண்ணில் ஊன்றினால் மீதியை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். நர்சரியில் வாங்குவதானால் இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். காது மடல் மாதிரி வட்டமாக ஒரு குட்டி இலை இருந்தால்தான் ஆவாரை. மஞ்சளாய்ப் பூக்கும் தூரத்துச் சொந்தங்கள் நிறைய உண்டு. இலையைப் புழு கடித்தால் மருந்தடிக்காதீர்கள், பெரும்பாலும் அது மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகப் போகிற புழு. கொங்குப் பக்கம் என்றால் பொங்கல் காப்புக் கட்டப் பூவும் வீட்டிலேயே கிடைக்கும்.

ஒழுங்காக வெட்டிய பச்சைச் சுவர்தான் வேண்டுமா? விராலி. எவ்வளவு வெட்டினாலும் அடர்ந்து வரும், பிசுபிசுக்கும் இலையை ஆடும் சீண்டாது. பூ கண்ணில் படாது. சிறகு வைத்த காய் சிவக்கும்போது அழகு. ஆண், பெண் பெரும்பாலும் தனிச்செடி என்பதால் எல்லாவற்றிலும் காயை எதிர்பார்க்க வேண்டாம். குன்றுச் சரிவில் வளர்கிற செடி இது, களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

தண்ணீர் தேங்கும் மூலைக்கு நொச்சி. ஓடைக்கரையில் வளர்ந்து பழகியது. குச்சி நட்டாலே பிழைக்கும், ஆவி பிடிக்க இலை கையருகே இருக்கும். ஆனால் விட்டால் பத்தடிக்கு மேல் போகும், மூன்றடி இடத்துக்குள் அடங்காது. கொசுவுக்காக மட்டும் வைக்கப் போகிறீர்கள் என்றால், சரி, இலையைப் புகை போட வேண்டும். செடி சும்மா நின்றால் கொசு கண்டுகொள்ளாது.

என் ஓட்டு, வெயில் அடிக்கும் முன்பக்கத்துக்கு ஆவாரை, பின்பக்கம் கழிவுநீர் போகும் இடத்தில் ஒரே ஒரு நொச்சி. கத்தரி பிடிக்கத் தோட்டக்காரர் இருக்கும் வீட்டுக்கு மட்டும் விராலி. எதை வைத்தாலும் முதல் கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்றிவிடுங்கள்.