விடியும்வரை தாங்குவது எது: தேங்காய் எண்ணெயா, வாஸ்லினா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயிலில் தோல் வறண்டுபோகிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பகல் முழுக்கப் பேரங்காடி ஏர்கோனில் நின்றுவிட்டு, வீடு வந்து சோப்பு போட்டுச் சுடுதண்ணீரில் குளித்துப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே எனக்கு மீன் செதில்தான். நடு இரவில் சொறிந்துகொண்டே எழுந்த வாரங்கள் உண்டு.

வீட்டில் இரண்டு கட்சி. அம்மா தேங்காய் எண்ணெய். "தோட்டத்துல இருந்தப்ப உங்க எல்லாருக்கும் இதத்தான் தேச்சேன், யாருக்கு என்ன ஆச்சு?" என்பார். நான் வாஸ்லின்.

எண்ணெய் மோசம் என்று சொல்ல வரவில்லை. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். சொறிந்த இடத்தில் பெருகும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியை அது அடக்கும். விலையும் மலிவு. ஆனால் 24 டிகிரியிலேயே உருகிவிடுவதால் நம் ஊரில் அது எப்போதும் தண்ணீர் மாதிரிதான். ஒன்பது மணிக்குத் தேய்த்தது பன்னிரண்டுக்குள் மெத்தை விரிப்புக்குப் போய்விடும். அரிப்பு வருவதோ இரண்டு மணிக்கு.

எனக்கு அங்கேதான் முடிவாகிவிட்டது. வறண்ட தோலில் உள்ளிருக்கும் ஈரம் கசிந்துகொண்டே இருக்கிறது. அதை அடைக்க வேண்டும். 1872இல் அமெரிக்காவின் ராபர்ட் செஸ்பரோ காப்புரிமை வாங்கிய வாஸ்லின் என்ற இந்தப் பெட்ரோலியக் களிம்பு தோலின் மேல் படலமாக உட்கார்ந்துவிடுகிறது, விடியும்வரை நகர்வதில்லை. அடைப்பதில் தாவர எண்ணெய்கள் இதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் பூசும் நேரம் முக்கியம். குளித்ததும் துண்டால் ஒற்றிவிட்டு, கால் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும். காய்ந்த காலில் பூசி, பிசுபிசுப்பைத் தவிர ஒன்றும் இல்லை என்று முதல் வாரம் நானே திட்டியிருக்கிறேன். மேலே ஒரு பழைய கைலி. களிம்பு ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். அதைக் கட்டிக்கொண்டு அடுப்பு, சாமி விளக்குப் பக்கம் போகாதீர்கள்.

பகலில் மட்டும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பூசிக்கொண்டு துணி காயப்போட்டேன். முழங்கால் மடிப்பெல்லாம் வேர்க்குரு. பகலுக்கு அம்மாவின் எண்ணெயே சரி, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கிளினிக்கில் கொடுக்கும் அக்குவஸ் கிரீமைச் சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவலாம். பூசி அப்படியே விட்டால் சிலருக்கு எரியும், எனக்கு எரிந்தது. அதில் பெரும்பாலும் சோடியம் லாரில் சல்ஃபேட் இருக்கும், சோப்பு நுரைக்குப் போடும் பொருள்தான். செராமைடு (தோலில் இயல்பாகவே இருக்கும் ஒரு கொழுப்பு) சேர்த்த கிரீம் ஒரே ஒரு டியூப் வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு டியூபை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. கைக்குழந்தைக்கு எது நல்லது என்பதிலும் எனக்கு அனுபவம் இல்லை.

அப்புறம், வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இரவில் அரித்தால், விரல் இடுக்கில் சிறு கொப்புளங்களும் தெரிந்தால், அது வறட்சி இல்லை, சிரங்காக இருக்கலாம். எண்ணெயும் வாஸ்லினும் அதற்கு ஒன்றும் செய்யாது. குடும்பத்தோடு கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.