பழைய ஐமேக்குக்கு வெளியிலிருந்து ஓர் எஸ்எஸ்டி: சாம்சங் டி7 பயன்பாட்டு அனுபவம்

2017-ஆம் ஆண்டு மாடலான 21.5 அங்குல ஐமேக் (திரையும் கணினியும் ஒன்றான ஆப்பிள் மேசைக்கணினி) ஒன்றில்தான் இன்றும் நூல்களுக்குப் பக்கம் வடிவமைத்து வருகிறேன். அதன் 4கே திரையில் தமிழ் எழுத்துகளின் சுழியும் வளைவும் அச்சில் பார்ப்பதுபோலத் துலங்கும். அந்தத் திரைக்காகவே அதை விட மனம் வரவில்லை. ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளில் அதன் வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. காலையில் இயக்கிவிட்டுக் காபி குடித்து வந்தாலும், முகப்புத் திரையின் அடியில் ஐகான்கள் குதித்துக்கொண்டே இருக்கும். புதிய கணினி வாங்குவதா என்று யோசித்த வேளையில்தான் சாம்சங் டி7 எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்), 500 ஜிபி கொள்ளளவில், வாங்கி வெளியிலிருந்து இணைத்தேன். எட்டு மாதங்களாக அதிலிருந்தே கணினி இயங்குகிறது.

என் கணினியில் உள்ள வன்தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி நொடி ஆகிறது. ஆகவே தேடும் தகவல், தட்டைப் படிக்கும் தலைப்பகுதியின் கீழ் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரமும், தலைப்பகுதி உரிய இடத்துக்கு நகர அதற்கு மேல் சில மில்லி நொடிகளும் தேவை. பெரிய காணொளி ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. இயங்குதளம் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேட வேண்டியிருக்கிறது. போதாததற்கு, 2018-இல் வந்த மேக் ஓஎஸ் இயங்குதளத்தின் மொஹாவே பதிப்பு முதல் வன்தட்டுகளுக்கும் வந்துசேர்ந்த ஏபிஎஃப்எஸ் கோப்பு முறை, எஸ்எஸ்டியை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. நினைவகம் 8 ஜிபி மட்டுமே என்பதால், அது நிரம்பும்போதெல்லாம் கணினி வன்தட்டையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும். செயலி சும்மா காத்திருக்க, எல்லாப் பாரமும் அந்த ஒரு தட்டின் மேல் விழுந்தது.

உள்ளே இருக்கும் வன்தட்டையே மாற்றலாமே என்று கேட்பவர்களுக்கு: 2012 இறுதி முதல் இந்த மெல்லிய ஐமேக்குகளின் திரை பசை நாடாவால் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை அறுத்துத் திரையைப் பிரித்தெடுக்க வேண்டும். கை சற்றுப் பிசகினால் திரையே போய்விடும். அப்படித் துணிந்து மாற்றினாலும், உள்ளே வன்தட்டை இணைக்கும் சாட்டா இணைப்பின் எல்லை நொடிக்கு 6 கிகாபிட்தான். பின்புறம் உள்ள இரண்டு தண்டர்போல்ட் 3 போர்ட்டுகளோ யூஎஸ்பி சாதனங்களுக்கு 10 கிகாபிட் தருகின்றன. இந்த மாடலில் வெளிவழியே அகலமான வழி.

டி7 உள்ளங்கையில் அடங்கும் உலோகத் தகடு. எடை 58 கிராம். நொடிக்கு 1050 மெகாபைட் வரை படிக்கும் என்கிறது சாம்சங். பெட்டியில் இரு கேபிள்கள் உண்டு: இரு முனையும் சி வகையாக ஒன்று, ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பியாக மற்றொன்று. எந்தக் கேபிள், எந்தப் போர்ட் என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. முதல் நாள் மேசை ஓரம் வரை எட்ட வேண்டுமென்று, வீட்டில் கிடந்த நீளமான கைப்பேசிச் சார்ஜர் கேபிளைச் செருகினேன். வன்தட்டில் கிடைத்த வேகத்தில் பாதிகூட வரவில்லை. சிஸ்டம் ரிப்போர்ட்டில் யூஎஸ்பி பகுதியைத் திறந்து பார்த்தபோது இணைப்பு வேகம் 480 மெகாபிட் என்று இருந்தது. அந்தக் கேபிள் மின்னூட்டத்துக்கானது. தகவலை யூஎஸ்பி 2 வேகத்தில்தான் கடத்தும். பெட்டியில் வந்த குட்டைக் கேபிளை மாற்றியதும் அதே இடத்தில் 10 கிகாபிட் என்று வந்தது; சோதனையில் நொடிக்கு 800 மெகாபைட்டைத் தாண்டியது. செவ்வகப் போர்ட்டில் செருகினால் இதில் பாதிதான் கிடைக்கிறது.

நிறுவுவது கடினமன்று. டிஸ்க் யூட்டிலிட்டியில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் செய்து, எக்ஸ்ஃபேட் கோப்பு முறையில் வரும் டிரைவை ஜியூஐடி என்ற பகிர்வு அமைப்பில் ஏபிஎஃப்எஸ்ஸாக அழித்து எழுத வேண்டும். பின் அதில் மேக் ஓஎஸ் நிறுவி, மைக்ரேஷன் அசிஸ்டென்ட் மூலம் பழைய கோப்புகளைக் கொண்டுவந்து, ஸ்டார்ட்அப் டிஸ்காக அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இந்த மாடலில் ஆப்பிளின் பாதுகாப்புச் சிப்பான டி2 இல்லாததால் வெளி டிரைவிலிருந்து தொடங்கத் தனி அனுமதி தேவையில்லை. பழைய வன்தட்டை டைம் மெஷின் பேக்கப்புக்கு ஒதுக்கிவிட்டேன்.

தொடங்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் எடுத்த கணினி இப்போது அரை நிமிடத்தில் தயாராகிறது. 300 பக்க நூலைத் திறந்து வைத்துக்கொண்டே உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்தாலும் சக்கரம் சுழல்வதில்லை. நினைவகம் அதே 8 ஜிபிதான்; அது நிரம்பும்போது ஒதுங்கும் இடம் வேகமாகிவிட்டதே இந்த மாற்றத்துக்குக் காரணம். அளவீட்டு எண்களைவிட இந்த வேறுபாடுதான் அன்றாட வேலையில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நீக்கிய கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளையை யூஎஸ்பி வழியே மேக் ஓஎஸ் பொதுவாக அனுப்புவதில்லை. ஆகவே டிரைவை முழுவதும் நிரப்பாமல் கால் பங்கையாவது காலியாக விடுகிறேன். சாம்சங் தரும் கடவுச்சொல் பூட்டைத் தொடக்க டிரைவில் போடக் கூடாது. பூட்டு திறக்கும்வரை இயங்குதளமே கண்ணில் படாது. மறையாக்கம் வேண்டுமானால் மேக் ஓஎஸ்ஸிலேயே ஃபைல்வால்ட் இருக்கிறது. கேபிள் கழன்றால் கணினி அப்படியே நின்றுவிடும் என்பதால், டிரைவை ஐமேக் காலின் பின்புறம் வெல்க்ரோ பட்டையால் ஒட்டியிருக்கிறேன். இந்த மாடலுக்கு ஆப்பிள் அளித்த கடைசி மேக் ஓஎஸ் பதிப்பு வெஞ்சுரா. எஸ்எஸ்டியால் அதை மாற்ற முடியாது.

2012 இறுதி முதல் 2015 வரையிலான ஐமேக் வைத்திருப்பவர்களுக்கு டி7 அளவுக்குச் செலவு தேவையில்லை. அவற்றின் யூஎஸ்பி 5 கிகாபிட்தான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியை ஒரு யூஎஸ்பி 3 உறையில் போட்டாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். 2009 முதல் 2011 வரை வந்தவற்றில் யூஎஸ்பி 2 மட்டுமே உண்டு என்பதால் அங்கு இந்த வழி பயன் தராது. ஆனால் அவற்றின் முகப்புக் கண்ணாடி காந்தத்தால் பிடித்து வைக்கப்பட்டது. உள்ளேயே எஸ்எஸ்டி பொருத்தலாம்.