பெயர்க்காரணம் தேட வோர்ம்ஸ்: எதுவரை நம்பலாம்?

கடலுயிரினங்களின் உலகப் பதிவேடான வோர்ம்ஸ் தளத்தைப் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் கடல் ஆய்வு நிறுவனம் பராமரிக்கிறது. வகைப்பாட்டியல் வல்லுநர்களே பதிவுகளைத் திருத்துகிறார்கள், கட்டணம் இல்லை. ஓர் உயிரினத்தின் அறிவியல் பெயரை யார், எப்போது வைத்தது என்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பெயரின் பொருளுக்கோ பாதிக் கிணறுதான்.

கடல்பசு எனப்படும் ஆவுளியாவைத் தேடிப் பாருங்கள். 'டுகோங் டுகோன்' என்ற பெயரை அடுத்து, அடைப்புக்குறிக்குள் 'முல்லர், 1776' என்றிருக்கும். அந்த அடைப்புக்குறி அலங்காரமல்ல. முல்லர் பெயரிட்டபோது இந்தச் சிற்றினம் வேறு பேரினத்தில் இருந்தது என்று அர்த்தம். மூலப்பெயர் வரியில் 'டிரைக்கெக்கஸ் டுகோன்' என்று காணலாம். பழைய நூல்களில் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். இன்றைய பெயரைப் போட்டால் வெறுங்கைதான். நீண்ட தந்தமுள்ள திமிங்கலமான நார்வாலின் 'மோனோடான் மோனோசெரஸ் லின்னேயஸ், 1758' அடைப்புக்குறியின்றி வருகிறது. ஒற்றைப் பல், ஒற்றைக் கொம்பு என்ற அந்தப் பெயர் மாறவே இல்லை.

பெயர் முதன்முதலாக வெளியான மூல விவரிப்புக்கான இணைப்பு இருந்தால் உடனே திறந்துவிடுங்கள். பல பதிவுகளில் அது ஸ்கேன் செய்த பக்கத்துக்கே கொண்டுபோகும். ஆனால் பழைய ஆசிரியர்கள் பெயர்க்காரணம் எழுதுவது அபூர்வம். தளத்திலுள்ள சொற்பிறப்புக் குறிப்பும் எல்லாப் பதிவுக்கும் இல்லை. 'டுகோங்' என்பது பிலிப்பைன்சின் விசயன், மலாய் முதலான மொழிகளில் வழங்கும் விலங்கின் பெயர். 'கடல் மங்கை' என்று பரவலாகச் சொல்லப்படும் பொருளை நம்ப வேண்டாம்.

மீன் என்றால், மீன் பெயர்களின் சொற்பிறப்புக்கான எட்டிஃபிஷ் தளத்தின் பக்கம் போவதே மேல். குடும்பவாரியாக அடுக்கியிருப்பதால், முதலில் வோர்ம்ஸில் குடும்பப் பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். சீலகாந்த் மீனின் 'லாட்டிமேரியா சாலும்னே' மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர் என்பவரையும் சாலும்னா ஆற்றையும் குறிக்கிறது. இப்படி ஆள்பெயர், ஊர்ப்பெயர் கலந்தவற்றைக் கிரேக்க அகராதியை வைத்துப் பிரித்தால் அபத்தம்தான் மிஞ்சும்.

எழுத்துக்கூட்டலும் காலை வாரும். திமிங்கலச் சுறாவின் பேரினம் ரின்கோடான், ரினியோடான், ரினெயோடான் என்று பலவாறு எழுதப்பட்டு, 1984-ல்தான் 'ரின்கோடான்' என்று உறுதியானது. சந்தேகமான எழுத்துக்கூட்டல் என்றால் சாதாரணத் தேடலை விட்டு, பெயர் ஒப்பிடும் கருவியில் போடுங்கள். நெருங்கிய பெயர்களைக் காட்டும். 'கடலுயிரி மட்டும்' என்ற தேர்வு இயங்கினால் நன்னீர் இனங்கள் விடுபடும். மீன்களின் தமிழ்ப் பெயர்களுக்கு ஃபிஷ்பேஸ் என்ற மீன் தரவுத்தளம் உதவும், பல மீன்களுக்குச் சொற்பிறப்புக் குறிப்பும் அதில் உண்டு.