ஸ்வீட் கடைக்கு வாங்கின பில்லிங் சாஃப்ட்வேர் - 3 ஸ்டார்

பாளையங்கோட்டை பக்கம் நமக்கு அல்வா, மிக்சர், காராச்சேவு கடை. தராசோட சேத்து பில்லிங் சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டிருக்கோம், கம்பெனி பேரு வேண்டாம், விக்க வந்த தம்பி நல்ல பையன்.

ஜிஎஸ்டில குறை சொல்ல முடியாது. முன்னாடி உதிரியா நிறுத்துக் குடுக்குற மிக்சருக்கு 5 சதவீதம், அதையே பாக்கெட்ல அடைச்சு லேபிள் ஒட்டிட்டா 12, ரெண்டும் ஒரே சட்டியில வெந்ததுதான், இத கவுண்டர்ல நிக்குற பயலுக்குப் புரிய வைக்கதுக்குள்ள நமக்கு நாக்கு தள்ளிரும். இது தானா பிரிச்சுப் போட்டுது. 2025 செப்டம்பர் 22 ல பாக்கெட்டும் 5 ஆனப்போ காலைல கடை தொறக்கும்போதே ரேட் மாறியிருந்துச்சு. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸோட (எஃப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க நம்பரும் பில்லுல விழுந்துருது, 2022 ல இருந்து அது கட்டாயம்லா. போட்ட பில்ல சத்தமில்லாம அழிக்கவும் முடியாது, யாரு எப்ப மாத்துனாங்கன்னு பதிஞ்சிரும். இது 2023 ஏப்ரல்ல இருந்து பதிவான கம்பெனிகளுக்குத்தான் கட்டாயம், நம்மள மாதிரி தனி ஆள் கடைக்கு இல்ல, ஆனாலும் இருக்கட்டும்னு விட்டுட்டேன், கல்லாவுல ஆளு மாறி மாறி உக்காருதாங்க.

ஆனா மொபைல் நம்பர் இல்லாம பில்லே அடிக்க மாட்டேங்கு. கால் கிலோ அல்வா வாங்க வந்த பெரியவர் "எதுக்கு வே நம்பரு, பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்"னு சத்தம் போட்டுட்டாரு. நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தாதீங்கன்னு மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாசமே கடைக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. கஸ்டமர் கேர்ல கேட்டா "ஒம்பத பத்து தடவ அடிங்க சார்"ங்காங்க. இப்ப ரிப்போர்ட் எடுத்தா நம்ம கடையில அதிகமா வாங்குதது அந்த ஒம்பது அண்ணாச்சிதான்.

பாக்கி மெசேஜ் இன்னும் மோசம். மூத்தவங்கள அண்ணாச்சின்னு கூப்புடாம இங்க பேச்சே ஆரம்பிக்காது, இது 240 ரூவா பாக்கி வச்ச ஒரு பெரியவருக்கு "இறுதி எச்சரிக்கை, உடனே செலுத்தவும்"னு மொட்டையா அனுப்பிருது, அவரு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதாரு. வாசகத்த மாத்துங்கன்னா, டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி முன்கூட்டியே பதிவு பண்ண எஸ்எம்எஸ் வாசகந்தான் போகும், மாத்துனா புதுசா பதியணும்னாங்க. அது நெசந்தான், ஆனா பதியும்போதே நாலு வார்த்த மரியாதையா எழுதியிருந்தா டிராய் வேண்டாம்னா சொல்லியிருக்கும்? மெசேஜ அணைச்சு வச்சுட்டு பாக்கிய நோட்டுலதான் எழுதுதோம்.

வாங்குததா இருந்தா டெமோவுலயே நம்பர் இல்லாம ஒரு பில்லு போடச் சொல்லுங்க, அந்த பாக்கி மெசேஜ உங்க போனுக்கே ஒண்ணு அனுப்பச் சொல்லிப் படிச்சுப் பாருங்க.