பால் பைதானுக்கு எந்த ஹீட்டர்? பிரிட்டனில் கிடைக்கும் மூன்று வகைகளும் அவற்றுக்கான தெர்மோஸ்டாட்டும்

பணம் முதலில் தெர்மோஸ்டாட்டுக்கு (சூட்டை அளந்து ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் கருவி), மிச்சத்தில்தான் ஹீட்டர். நல்ல தெர்மோஸ்டாட் இருந்தால் சுமாரான ஹீட்டரை வைத்தும் சமாளிக்கலாம். தெர்மோஸ்டாட் இல்லாமல் எவ்வளவு விலை உயர்ந்த ஹீட்டரை மாட்டினாலும் அது பாம்பைச் சுடும் கருவிதான்.

முதலில் தேவை என்ன என்று பார்த்துவிடுவோம். பால் பைதான் (ball python) மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை. பெட்டியின் சூடான பக்கத்தில், அது ஒளிந்து படுத்திருக்கும் சிறு கூட்டுக்குள் (ஹைடு) 31 முதல் 33 டிகிரி வேண்டும். எதிர்ப்பக்கம் 24 முதல் 27. இரவில் எந்த மூலையும் 22க்குக் கீழே போகக் கூடாது. குளிர்காலத்தில் வீட்டு அறை 18 டிகிரியில் நிற்கும்போது சூடான பக்கத்தை மட்டும் 14 டிகிரி ஏற்றியாக வேண்டும். வளர்ந்த பாம்புக்கு 120 x 60 x 60 செ.மீ. மரப்பெட்டி என்று வைத்துக்கொண்டே கீழே உள்ள கணக்குகள்.

ஹீட் மேட்: அடியில் விரிக்கும் தட்டையான ஹீட்டர். விலை குறைவு, மின்சாரச் செலவும் குறைவு. குட்டிகளை வைக்கும் சிறிய பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. டப்பாவின் தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேட் போகக் கூடாது. போனால் பாம்பு குளிர்ந்துகொள்ள இடமிருக்காது. ஆனால் மேட் தொட்ட இடத்தைத்தான் சூடாக்கும், காற்றைச் சூடேற்றாது. 120 செ.மீ. பெட்டியில் மேட்டை மட்டும் நம்பினால் தரை 33 காட்டும், அதற்கு ஒரு சாண் மேலே 20 காட்டும். அந்தக் காற்றை மூச்சுவிடும் பாம்புக்குச் சளி பிடித்து, மூச்சில் சீழ்க்கைச் சத்தம் வருவது இப்படித்தான்.

மேட்டில் இன்னொரு வில்லங்கம், மேலே போடும் மண்ணும் மரத்தூளும். 3 செ.மீ.க்கு மேல் போட்டால் சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும். மேலே தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புதான், அடியில் 50 டிகிரியை நெருங்கும். பால் பைதான் தோண்டிக்கொண்டு கீழே போகிற பாம்பு. கண்ணாடித் தொட்டியானால் மேட்டை வெளியே, அடிப்பக்கம் வைத்து, நான்கு மூலையிலும் ரப்பர் கால் ஒட்டிக் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். மேசைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மேட் நசுங்கிக் கிடந்தால் சூடு வெளியேறாது. கண்ணாடி விரிசல் விடும்.

செராமிக் ஹீட்டர்: வெளிச்சம் இல்லாமல் சூடு தரும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும், காற்றையும் சூடேற்றும். 100 வாட் செராமிக்கின் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போகும் என்பதால் ஹோல்டர் பீங்கானாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். சுற்றிலும் கம்பி வலைக் கூண்டு கட்டாயம். சூடு வரும் திசையில் ஏறிச் சுற்றிக்கொள்வது பாம்பின் வழக்கம், வெந்துகொண்டிருக்கும்போதும் உடனே விலகத் தெரியாது. குறை என்னவென்றால் காற்றை உலர்த்திவிடும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சட்டை துண்டுதுண்டாக உரியும், கண்ணின் மேல்தோல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

டீப் ஹீட் புரொஜெக்டர்: ஆர்கேடியா நிறுவனத்தின் தயாரிப்பு. இதுவும் வெளிச்சம் தராது. செராமிக் தருவது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும் சூடு. இது ஐஆர்-ஏ, ஐஆர்-பி எனப்படும் அகச்சிவப்பு அலைகளைக் கூடுதலாகத் தருவதால் சூடு சதைக்குள் இறங்கும். 60 செ.மீ. உயரப் பெட்டிக்கு 80 வாட், 45 செ.மீ. உயரத்துக்கு 50 வாட். பீங்கான் ஹோல்டரும் வலைக் கூண்டும் இதற்கும் வேண்டும். வளர்ந்த பால் பைதானின் மரப்பெட்டிக்கு எங்கள் தேர்வு இதுதான். பகலில் ஹாலோஜன் விளக்கும் சேர்த்தால் இன்னும் நல்லது, இரவில் அதை அணைத்துவிடலாம். சிவப்பு பல்பு, நீல பல்பு, ‘ஹீட் ராக்’ எனப்படும் சுடுகல் ஆகியவற்றுக்குக் காசு செலவழிக்காதீர்கள். சுடுகல் வயிற்றைப் பொசுக்கும். வண்ண பல்புகள் இரவை இரவாக விடாது.

தெர்மோஸ்டாட்டை ஹீட்டருக்குப் பொருத்தமாக வாங்க வேண்டும். மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் போதும். செராமிக்குக்குப் பல்ஸ் வகை: மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும். புரொஜெக்டருக்கும் ஹாலோஜனுக்கும் டிம்மிங் வகை: மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து ஒரே சீராக வைக்கும். ஹாலோஜனைப் பல்ஸில் மாட்டினால் விளக்கு மினுக்மினுக்கென்று சிமிட்டும். ஹாபிஸ்டாட், மைக்ரோகிளைமேட் நிறுவனங்கள் இரண்டிலும் டிம்மிங் தெர்மோஸ்டாட் கிடைக்கிறது. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு அளவு வைக்கிற மாடலாகப் பாருங்கள்.

மலிவாகக் கிடைக்கும் இங்க்பேர்ட் ஐடிசி-308 ஆன்-ஆஃப் வகை. மேட்டுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதில் ‘சூடாக்க’ ஒன்று, ‘குளிர்விக்க’ ஒன்று என இரண்டு சாக்கெட் உண்டு. ஹீட்டரைத் தவறுதலாகக் குளிர்விக்கும் சாக்கெட்டில் செருகினால், பெட்டி சூடாகச் சூடாக அது ஹீட்டருக்கு விடாமல் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அலாரமும் புதிதாக வாங்கிய கருவியில் பாம்புக்குச் சம்பந்தமில்லாத உயர்ந்த அளவில் இருக்கும்; 36க்கு இறக்குங்கள். எந்த ஆன்-ஆஃப் கருவியிலும் உள்ளே இருக்கும் ரிலே (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு, அணையாமல் நின்றுவிடலாம். அதனால்தான் அனுபவசாலிகள் இரண்டு தெர்மோஸ்டாட்டை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுவார்கள்: டிம்மிங் 32இல், அதற்கு முந்தைய ஆன்-ஆஃப் 36இல். டிம்மிங் பழுதானால் ஆன்-ஆஃப் மின்சாரத்தை அறுத்துவிடும்.

புரோப்பை (தெர்மோஸ்டாட் வயரின் நுனியில் சூட்டை அளக்கும் முனை) தவறான இடத்தில் வைப்பதாலும் விபத்துகள் நடக்கின்றன. மேட்டானால் மேட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே, மேட்டின் மையத்தில். மேலிருந்து வரும் சூடானால் சூடான பக்கத்தில், பாம்பின் முதுகு உயரத்தில், சுவரோடு கிளிப் போட்டு. ரப்பர் உறிஞ்சிக் கப் சூட்டில் கழன்று விழும். பாம்பு புரோப்பை இழுத்துக் குளிர்ந்த பக்கம் போட்டுவிட்டாலோ, தண்ணீர்க் கிண்ணத்தில் தள்ளிவிட்டாலோ தெர்மோஸ்டாட் ‘இன்னும் குளிர்’ என்று நினைத்து முழு மூச்சில் சூடேற்றும். புரோப் மேல் பாம்பு சிறுநீர் கழித்தாலும் இதே கதை. பெட்டிக்குள் செல்லோ டேப் மட்டும் வேண்டாம். செதிலில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

அளக்க, வட்ட முள் வைத்த ஸ்டிக்கர் தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம். அது சுவரின் சூட்டைச் சொல்லும். புரோப் வைத்த டிஜிட்டல் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. தரையின் சூட்டுக்கு இன்ஃப்ராரெட் கன். தெர்மோஸ்டாட் திரையில் தெரிவது புரோப் இருக்கும் இடத்தின் எண் மட்டுமே. திரை 32 காட்டும்போது ஹைடு தரை 35 இருந்தால், திரையை 29க்கு இறக்க வேண்டியதுதான்.

மின் இணைப்பில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். 80 வாட் ஹீட்டர் இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. பிளக்கில் 13 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தால் 3 ஆம்பியராக மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டைத் தரையில் போடாமல் சுவரில் மாட்டுங்கள். வயர் சாக்கெட்டுக்குப் போகுமுன் கீழே ஒரு தொங்கல் விட்டால், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஆர்சிடி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாத வீட்டில் ஆர்சிடி பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 80 வாட் ஹீட்டர் 24 மணி நேரமும் முழு வீச்சில் எரிந்தாலும் நாளுக்கு இரண்டு யூனிட்டைத் தாண்டாது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாரை, நல்ல பாம்பு, நம் ஊர் மலைப்பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைதான் போன்ற வெளிநாட்டு இனத்தை வைத்திருந்தால் 2024 விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். சென்னையில் ஹீட்டர் பிரச்சினையும் தலைகீழ்: மே மாதத்தில் பெட்டி 35ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

எல்லாம் மாட்டியபின் பாம்பில்லாமல் இரண்டு நாள் ஓட்டுங்கள். அதிகாலையிலும் மத்தியானத்திலும் இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். பாம்பு வந்தபின் வாரம் ஒருமுறை வயிற்றைப் பாருங்கள். செதில் சிவந்தோ பழுப்பேறியோ, கொப்புளமாகவோ இருந்தால் ஹீட்டரை அணைத்து, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். இரையைக் கக்கினால் சூடு போதாமல் இருக்கலாம்; அடுத்த இரையைக் குறைந்தது இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, அதற்குள் சூட்டைச் சரிசெய்யுங்கள்.